குக்கர் ரப்பருக்கு இங்கிலீஷில் என்ன? பாத்திர உறுப்புகளுக்குப் பெயர் தேடும் வழி

போன மாதம் எங்கள் வீட்டு பிளாஸ்க்கின் மூடி உடைந்துபோனது. மேலே தம்ளர் மாதிரி கவிழ்த்து வைப்போமே, அது இல்லை. உள்ளே திருகி அடைக்கிற மூடி. ஆன்லைனில் 'பிளாஸ்க் கேப்' என்று தேடி, படத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன். வந்து இறங்கியது அந்த வெளித் தம்ளர்தான். விற்றவர் மேல் தப்பில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய சொல் 'ஸ்டாப்பர்'.

மூடி என்ற ஒரே சொல்லை வைத்துச் சட்டி, பாட்டில், பிளாஸ்க் எல்லாவற்றையும் நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது செல்லாது. அதனால் அகராதியைத் திறக்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது.

படி 1: அது என்ன வேலை செய்கிறது?

பாத்திரத்தைக் கையில் எடுங்கள். அந்த உறுப்பு செய்யும் வேலையைத் தமிழிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள். சட்டி மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா? லிட். பாட்டிலின் குறுகிய வாயை வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறதா? கேப். வாய்க்குள்ளே இறங்கி அடைக்கிறதா? ஸ்டாப்பர், அதுவே தக்கையென்றால் கார்க். ஊறுகாய் ஜாடி மாதிரி அகன்ற வாய்க்குத் திருகு மூடி இருந்தாலும் லிட் என்பதுதான் வழக்கம். திருகும் மரைக்கு த்ரெட் என்று பெயர். ஆனால் அதை மட்டும் தட்டித் தேடினால் தையல் நூல்கண்டுதான் வரும், ஜாக்கிரதை.

படி 2: மூக்கையும் காதையும் நேராக மொழிபெயர்க்காதீர்கள்

நாம் பாத்திரத்துக்கு உடம்பு வைத்துப் பேசுகிறவர்கள். ஆங்கிலேயரும் அப்படித்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. வாய்க்கு மவுத், கழுத்துக்கு நெக், இரண்டும் சரி. கெண்டியின் மூக்கு மட்டும் நோஸ் இல்லை, ஸ்பவுட். குழாய் இல்லாமல், ஜக்கின் விளிம்பைக் கொஞ்சம் இழுத்துவிட்டது போல இருக்கும் ஊற்றுவாய்க்கு லிப், அதாவது உதடு. சுற்று விளிம்பு முழுவதும் ரிம்.

வாணலியின் இரண்டு காதுகளும் அங்கே பொதுவாகக் காதுகள் இல்லை; லூப் ஹேண்டில் அல்லது சைடு ஹேண்டில். தோசைக்கல்லின் நீளப் பிடிக்கு வெறும் ஹேண்டில் போதும். தூக்குவாளியில் வளைந்து மேலே நிற்கும் கம்பிப்பிடிக்கு பெயில் ஹேண்டில் என்று பெயர். ஜாமீனுக்குச் சொல்லும் பெயிலும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, எனவே ஹேண்டிலை விட்டுவிடாதீர்கள். மூடியின் குமிழ் நாப். டிபன் கேரியரின் ஒவ்வொரு அடுக்கும் டியர் (tier).

படி 3: குக்கரைப் பிரித்துப் பாருங்கள்

பழகுவதற்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. மூடியைக் கழற்றி மேசையில் வையுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்துக்கு கேஸ்கெட் அல்லது சீலிங் ரிங். மேலே நாம் விசில் என்றும் வெயிட் என்றும் சொல்வது, கையேடுகளில் வெயிட் வால்வ், வென்ட் வெயிட், பிரஷர் ரெகுலேட்டர் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விசில் என்பது அது போடும் சத்தம். பொருளின் பெயர் இல்லை. அது உட்காரும் குழாய் வென்ட் டியூப். பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான் போலத் தெரிவது சேஃப்டி வால்வ் அல்லது சேஃப்டி பிளக். பல குக்கர்களில் அதற்குள் சீக்கிரம் உருகும் உலோகம் இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும்.

படி 4: சொல்லைப் படத்தில் சோதியுங்கள்

கிடைத்த சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். கூடவே பாத்திரத்தின் முழுப்பெயரும் வேண்டும். கேஸ்கெட் என்று மட்டும் தேடினால் கார் இன்ஜின் சாமான்கள் வந்து குவியும். லண்டனில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே குக்கர் என்றாலே அடுப்பு. கடையில் போய் 'குக்கர் ரிங்' கேட்டால் அடுப்பின் பர்னர் வளையத்தைக் காட்டுவார்கள். பிரஷர் என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள்.

படி 5: கையேட்டில் இருக்கும் பெயரையே எழுதுங்கள்

குக்கர், மிக்ஸி வாங்கியபோது வந்த சின்னப் புத்தகத்தில் பாகங்களை அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஸ்பேர் பார்ட் கேட்கும்போது அந்தப் பெயரோடு மாடல், லிட்டர் அளவு இரண்டையும் சேருங்கள். மூடி உள்ளே போய்ப் பூட்டும் குக்கரின் கேஸ்கெட், வெளிமூடி குக்கருக்குப் பொருந்தாது.

மிக்ஸியில் ஒரு சிக்கல் உண்டு. ஜாரின் அடியில் பல்பல்லாக இருப்பதும் கப்ளர், அது போய் உட்காரும் மோட்டார் பக்கத்துச் சில்லும் கப்ளர். ஜார் கப்ளரா, மோட்டார் கப்ளரா என்று எழுதிவிட்டு, தேய்ந்த பழைய சாமானைப் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.