பெரிய டேபிளில் சீட்டு ஏற மாட்டேன் என்கிறதா? போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் சுமையைக் குறைக்கும் வழி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் மென்பொருள் பார்த்துக்கொடுக்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லிகை வந்து இறங்கும் விடியற்காலையில்தான் எடைச் சீட்டெல்லாம் மொத்தமாகப் பதிவாகும். முகூர்த்த நாளில் ஒவ்வொரு சீட்டும் ஏறுவதற்குள் வியாபாரிகள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். டேபிளில் பல வருடக் கணக்கு. அதன்மேல் ஒன்பது இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கத் தனியாக வைக்கும் அட்டவணை). அதைச் சரிசெய்த வழி இது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதற்குக் கட்டளை அடிக்கும் கருவியான பிஎஸ்கியூஎல்லும் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சும்மா கிடக்கும் இன்டெக்ஸைக் கண்டுபிடியுங்கள்

ஒரே சீட்டை ஒன்பது பேரேட்டில் ஏற்றச் சொன்னால் கணக்கப்பிள்ளை என்ன பாடுபடுவார்? ஒரு வரி இன்சர்ட் ஆகும்போது டேட்டாபேஸ் படும் பாடும் அதேதான். 'பிஜி_ஸ்டாட்_யூசர்_இன்டெக்ஸஸ்' வியூவில் 'ஐடிஎக்ஸ்_ஸ்கேன்' (எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்) பூஜ்யமாக இருப்பவற்றைப் பாருங்கள். பிரைமரி கீ, யூனிக் இரண்டிலும் கை வைக்காதீர்கள். பூஜ்யம் காட்டினாலும் அவை இரட்டைப் பதிவைத் தடுக்கின்றன. மாதக் கடைசி ரிப்போர்ட் ஒருமுறை ஓடி முடியட்டும், அப்புறம் முடிவெடுங்கள். ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் சர்வர்) இருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும், அதன் எண்ணிக்கை தனி.

நீக்கும்போது 'டிராப் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' போடுங்கள், கடை நடக்கும்போதே நீக்கலாம். இதை டிரான்சாக்‌ஷனுக்குள் (ஒன்றாகச் சேர்த்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பு) ஓட்ட முடியாது. அதனால் இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது பிஎஸ்கியூஎல்தான். படம் காட்டும் கருவிகள் பின்னால் என்ன செய்கின்றன என்று யோசிக்க வேண்டியதில்லை.

படி 2: மொத்தமாக எழுதுங்கள்

வரிக்கு ஒரு கமிட் (பதிவை உறுதிசெய்வது) வேண்டாம். சில நூறு வரிகளை ஒரே டிரான்சாக்‌ஷனில் போடுங்கள். பழைய கணக்கை ஏற்ற 'காப்பி' கட்டளையே வேகம்.

படி 3: அப்டேட்டைக் கவனியுங்கள்

என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்த இடம் இது. இன்சர்ட் சரியாகிவிட்டது, ஆனால் விலை பேசி முடித்து சீட்டில் விலையை நிரப்பும்போது மறுபடி இழுத்தது.

போஸ்ட்கிரெஸ் அப்டேட் செய்யும்போது பழைய வரியை அழித்து எழுதாது. புதிதாக ஒரு வரியை எழுதும். இன்டெக்ஸ் உள்ள எந்தக் காலமும் (டேபிளின் நெடுவரிசை, column) மாறாமல், அதே 8 கேபி பக்கத்தில் (டிஸ்கில் வரிகள் இருக்கும் துண்டு) இடமும் இருந்தால் இன்டெக்ஸைத் தொடாமலே வேலை முடியும். இதற்கு ஹாட் அப்டேட் என்று பெயர். இன்டெக்ஸ் உள்ள ஒரே ஒரு காலம் மாறினாலும் எல்லா இன்டெக்ஸிலும் புதுப் பதிவு விழும்.

'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' வியூவில் 'என்_டப்_அப்டு' (மொத்த அப்டேட்) எண்ணையும் 'என்_டப்_ஹாட்_அப்டு' (அதில் ஹாட் ஆனவை) எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவது ஏறிக்கொண்டே போனது, இரண்டாவது அசையவில்லை. குற்றவாளி 'திருத்திய நேரம்' காலம். யார் எதைத் தொட்டாலும் அது மாறும், அதன்மேல் ஒரு இன்டெக்ஸ். சாயங்கால ரிப்போர்ட் ஒன்று மட்டும் அதைப் பயன்படுத்தியது. ரிப்போர்ட்டைச் சீட்டுத் தேதியின்படி எடுக்க மாற்றிவிட்டு அந்த இன்டெக்ஸை நீக்கினேன். கூடவே டேபிளின் ஃபில்ஃபேக்டரை (ஒரு பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்பலாம் என்ற அளவு) 100-லிருந்து 85 ஆக்கினேன், பக்கத்தில் இடம் இருக்கட்டும் என்று. ஹாட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

வேகத்துக்காக 'சிங்க்ரனஸ்_கமிட்'டை (டிஸ்கில் எழுதி முடியும்வரை கமிட்டைக் காக்க வைக்கும் அமைப்பு) அணைக்கச் சொல்வார்கள். மின்சாரம் போனால் கடைசியாகப் பதிந்த சில சீட்டுகள் காணாமல் போகலாம். விவசாயியின் பணக்கணக்கில் அதைச் செய்யவே கூடாது.

பின்சேர்க்கை

ஃபில்ஃபேக்டர் மாற்றியும் பலனில்லை என்றார் ஒரு நண்பர். அது புதிதாக நிரம்பும் பக்கங்களுக்குத்தான். பழைய பக்கங்களுக்கும் வேண்டுமென்றால் 'வேக்யூம் ஃபுல்' ஓட்ட வேண்டும். அது முடியும்வரை டேபிள் முழுவதும் பூட்டிக்கொள்ளும், மார்க்கெட் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

இன்னொருவருக்கு 'கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' பாதியில் நின்றிருக்கிறது. அப்படி நின்றால் 'இன்வேலிட்' என்ற குறியோடு அந்த இன்டெக்ஸ் தங்கிவிடும். தேடலுக்கு உதவாது, ஆனால் எழுதும் சுமையை மட்டும் கூட்டும். பிஎஸ்கியூஎல்லில் டேபிள் விவரத்தை எடுத்து அந்தக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.