போன் கம்பனி எடுக்காமல் விட்ட காசும் உங்கள் கடன்தான்: ஊருக்குப் போகுமுன் போன் கணக்கைப் பாருங்கள்

பிரித்தானியாவிலிருந்து இரண்டு, மூன்று மாதம் ஊரில் நிற்கப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்போம், விசாவைப் பார்ப்போம், பெட்டியின் எடையை மூன்று தரம் நிறுப்போம். கைபேசிக் கணக்கை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. மாதாமாதம் கம்பனியே வங்கியிலிருந்து காசை எடுக்கும் டைரக்ட் டெபிட் இருக்கிறது, தானாகப் போகும் என்று விட்டுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் விட்டேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம் நின்றேன். அதே நேரத்தில் அங்குள்ள எங்கள் வீட்டுக் கூரைத் திருத்தமும் நடந்தது. நான் விமானம் ஏறிய மாதமே போன் கம்பனி காசை எடுக்கவில்லை. பில் போடும் முறையை அவர்கள் மாற்றியபோது என் கணக்கு விடுபட்டுப் போனது என்பது பிறகுதான் தெரிந்தது. வங்கியில் காசு இருந்தது, நான் எதையும் நிறுத்தவும் இல்லை. அடுத்த மாதமும் எடுக்கவில்லை. பூட்டிக்கிடந்த லண்டன் வீட்டின் கதவடியில் கடிதங்கள் விழுந்துகொண்டிருந்தன. மூன்றாம் மாதம் ஒருநாள், மேசன்மாருக்குச் சம்பளம் அனுப்ப வங்கிச் செயலியைத் திறந்தால் ரகசிய எண் வரும் குறுஞ்செய்தி வரவே இல்லை. கட்டணம் கட்டவில்லை என்று இணைப்பை நிறுத்திவிட்டார்கள். அன்றைய சம்பளத்தைச் சித்தப்பாதான் கைமாற்றாகத் தந்தார்.

திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எவரும் கேட்கக்கூடியது: பிழை அவர்களுடையது, நான் ஏன் கட்டவேண்டும்?

கட்டத்தான் வேண்டும். டைரக்ட் டெபிட் என்பது காசு போய்ச்சேரும் ஒரு வழி மட்டுமே. அந்த வழி அடைபட்டால் கடன் மறைந்துவிடாது. இணைப்பை நாம் பாவித்திருந்தால், ஒப்பந்தப்படி அந்தக் காசு அவர்களுக்கு உரியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படியான கடனுக்காக 6 வருடம் வரை வழக்குப் போடலாம். ஸ்கொட்லாந்தில் 5 வருடம். இடையில் நீங்கள் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். “12 மாதத்துக்கு மேற்பட்டதைக் கேட்கமுடியாது” என்று பலர் சொல்லுவார்கள். அந்த விதி மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் உரியது. அதை நம்பிப் போன் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஆனால் அவர்களுடைய பிழைக்கான தண்டனையையும் நீங்கள் சுமக்கவேண்டியதில்லை. இதில்தான் எங்கள் ஆட்கள் பேசாமல் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டைரக்ட் டெபிட்டோடு வங்கி தரும் உத்தரவாதம் ஒன்று இருக்கிறது. தொகையோ திகதியோ மாறுவதானால் கம்பனி உங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். வழமையாக 10 வேலை நாட்களுக்கு முன். மூன்று மாதம் எடுக்க மறந்துவிட்டு, நான்காம் மாதம் அறிவிக்காமல் நாலு மாதக் காசையும் ஒரேயடியாக உருவினால், நீங்கள் வங்கியிடம் கேட்டு முழுவதையும் உடனே திரும்பப் பெறலாம். கடன் அப்படியே இருக்கும், ஆனால் எப்படிக் கட்டுவது என்று பேச நேரம் கிடைக்கும். தாமதக் கட்டணத்தை நீக்கச் சொல்லுங்கள். எத்தனை மாதம் விட்டார்களோ அத்தனை மாதமாகப் பிரித்துக் கட்டவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கடன் வரலாற்றுப் பதிவில் உங்களைக் கட்டாதவர் என்று குறித்திருந்தால் அதை அழிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு 6 வருடம் நிற்கும். வீட்டுக் கடன் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு அது பெரிய இடி. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். போனில் பேசினாலும் பேசிய நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

கம்பனி கேட்கவில்லையா? இங்குள்ள ஒவ்வொரு தொலைபேசிக் கம்பனியும் ஏதாவது ஒரு சுயாதீனத் தீர்வு அமைப்பில் சேர்ந்திருக்கவேண்டும் என்பது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஒவ்கொம் அமைப்பின் விதி. முதலில் கம்பனியிடம் முறைப்பாடு செய்யவேண்டும். அங்கே தீராவிட்டால் அந்த அமைப்பிடம் கொண்டுபோகலாம், உங்களுக்குச் செலவில்லை. அவர்கள் சொல்லும் முடிவை நீங்கள் ஏற்றால் கம்பனியும் ஏற்கவேண்டும். என்னுடைய விடயம் அவ்வளவு தூரம் போகவில்லை. வங்கிக் கூற்றை அனுப்பியதும் தாமதக் கட்டணத்தையும் பதிவையும் நீக்கினார்கள், பாக்கியை மூன்றாகப் பிரித்துக் கட்டினேன்.

சரி, பயணத்துக்கு முன் என்ன செய்வது? கம்பனி அனுப்பும் பில்லைப் பார்த்தால் போதாது, வங்கிக் கூற்றில் போன மாதக் காசு உண்மையில் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் உடனே எழுதுங்கள், அந்தத் தொகையைக் கணக்கில் தொடாமல் வையுங்கள். அண்மையில் வங்கி மாறியிருந்தால் இன்னும் கவனம்: வங்கி மாற்றும் சேவை டைரக்ட் டெபிட்டுகளைப் புதிய கணக்குக்குக் கொண்டுவரும், வங்கி அட்டை எண்ணைக் கொடுத்து மாதாமாதம் கட்டுகிறவற்றைக் கொண்டுவராது. அட்டை காலாவதியாகும் திகதியையும் பாருங்கள். கம்பனியிடம் இருப்பது நீங்கள் இன்று திறக்கும் மின்னஞ்சல் முகவரிதானா? பத்து வருடத்துக்கு முன் கொடுத்த பழைய முகவரியாகவும் இருக்கலாம். வீட்டில் நிற்கும் மகனோ மகளோ உங்கள் சார்பில் பேச, கணக்கில் அவர்களின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கம்பனி அவர்களோடு பேசாது.

வங்கி ரகசிய எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதிலாகச் செயலியில் உறுதிசெய்யும்படி இங்கேயே மாற்றிவிட்டுப் போங்கள். நான் செய்திருந்தால் சித்தப்பாவிடம் கை நீட்டியிருக்கமாட்டேன்.

ரோமிங், அதாவது இங்குள்ள சிம்மை வெளிநாட்டில் பாவிப்பது பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவுக்குத் தரும் சலுகை பெரும்பாலான திட்டங்களில் இலங்கைக்கு இல்லை. வரும் அழைப்பை எடுத்தாலே காசு போகலாம். ரோமிங் டேட்டாவையும் வொய்ஸ்மெயிலையும் நிறுத்திவிட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளூர் சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2018 அக்டோபர் முதல் புதிய ஒப்பந்தம் செய்பவர்களும் புதுப்பிப்பவர்களும் மாத பில்லுக்கு உச்சவரம்பு கேட்கலாம். போகுமுன் அதைக் கேட்டுப் போடுங்கள்.

அப்புறம் ஊரிலுள்ள வீட்டுத் தொலைபேசி. வீடு பூட்டிக்கிடந்தாலும் இணைப்பை முறையாக நிறுத்தும்வரை மாத வாடகை ஏறிக்கொண்டே இருக்கலாம்; பில் கையில் கிடைக்கவில்லை என்பது அங்கும் காரணமாகாது. எங்கள் வீட்டு இணைப்பு அப்பா போய் எத்தனையோ வருடமாகியும் அவர் பெயரிலேயே இருந்தது. உங்களுடையதும் அப்படியென்றால், இறப்புச் சான்றிதழின் பிரதியையும் உங்கள் அடையாள அட்டையையும் பழைய பில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, போன முதல் வாரமே தொலைபேசிக் கம்பனியின் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள்.