பிளாட்டினம் இல்லாமல் ஒளியில் ஹைட்ரஜன்: முதல் சோதனை

தண்ணீரிலிருந்து ஒளியால் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டியபோது, வாயு கிளம்பியது பிளாட்டினம் மின்முனையில். அந்த விலையுயர்ந்த உலோகத்தின் வேலையை இங்கே நிக்கலிடம் கொடுக்கப் போகிறோம். ஒளியை உறிஞ்சும் வேலை கார்பன் நைட்ரைடுக்கு. இது ஆய்வகத்தில் செய்ய வேண்டியது, வீட்டில் வேண்டாம்.

படி 1: பொடி

மூடி போட்ட அலுமினா மூசையில் 10 கிராம் யூரியாவை வைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, 2 மணி நேரம் விடுங்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். வாயுவை வெளியேற்ற வழி இருக்க வேண்டும். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் அடியில் வெளிர்மஞ்சள் பொடி கொஞ்சம்தான் கிடக்கும்; அதுதான் கார்பன் நைட்ரைடு. பதற வேண்டாம், பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும். வேண்டிய அளவு சேரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அந்த மஞ்சள்தான் நமக்கு நல்ல சேதி. இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். அதனால் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியையும் பிடிக்கும். இதே வேலைக்குப் பயன்படும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாதான் வேண்டும்.

படி 2: நிக்கல்

200 மில்லிகிராம் பொடியைத் தண்ணீரில் கலக்கி, 10 மில்லிகிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் சேருங்கள். நிக்கல் மட்டும் பொடியின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிக்கல் ஹைட்ராக்சைடு பொடிமேல் படியும். கழுவி உலர்த்துங்கள். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை, கையுறை கட்டாயம்.

படி 3: ஒளி

நிக்கல் படிந்த பொடி 50 மில்லிகிராம், 90 மில்லி தண்ணீர், 10 மில்லி டிரைஎத்தனாலமின். கடைசியாகச் சொன்னது எலக்ட்ரானைத் தானம் செய்து தானே அழிகிறது. ஆகவே கறாராகச் சொன்னால் இது முழு நீர்ப்பிளப்பு அல்ல, பாதிதான்; ஆக்சிஜன் வராது. ரப்பர் மூடியால் அடைத்து, அரை மணி நேரம் ஆர்கான் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத் தடுக்கும் வடிகட்டி போட்ட செனான் விளக்கு. மணிக்கொரு முறை ஊசியால் வாயு எடுத்து, ஆர்கானில் ஓடும் வாயு குரோமட்டோகிராஃபில் (வாயுக்கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ஹைட்ரஜனை அளவிடுங்கள்.

படி 4: சந்தேகம்

இருட்டில் ஒரு முறை, பொடி இல்லாமல் ஒரு முறை, நிக்கல் இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். இதையெல்லாம் எல்லோரும் செய்வார்கள். பலர் மறப்பது, கலக்கப் போடும் காந்தக் குச்சியை. முன்பு பிளாட்டினம் சோதனைக்குப் போட்ட குச்சியின் கீறல்களில் துளியளவு உலோகம் ஒட்டியிருந்தால் போதும், அது நிக்கலின் பெயரில் ஹைட்ரஜன் விடும். புதுக் குச்சி, புதுக் குடுவையோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அளவு சரிந்தால் படி 3-ஐ முதலிலிருந்து தொடங்குங்கள்.