எழுந்ததும் கண் இருட்டினால்: முதியோர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னிக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பார்க்கும் இளம் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் சரியாகச் சுற்றுவதையெல்லாம் அவர்களே பழகிவிடுகிறார்கள். ஆனால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும் முதியோரிடம் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த சில தவறுகளை அவர்களும் அச்சொட்டாகச் செய்கிறார்கள்.

கதிரையில் இருத்தி மட்டும் பிரஷர் பார்ப்பது

இதைக் காணும்போதெல்லாம் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் ஆச்சி. நீரிழிவும் பிரஷரும் நெடுநாளாக உண்டு. விடிய எழுந்தால் கண் இருட்டுகிறது, பிடரி கனக்கிறது என்றார். கதிரையில் இருத்திப் பார்த்தார்கள்: 150க்கு 90. தலைச்சுற்று என்றால் பிரஷர் ஏறிவிட்டது என்பதுதானே ஊர்க்கணக்கு! காலமான கணவருடைய பிரஷர் குளிசைகள் வீட்டில் மிஞ்சிக் கிடந்தன. அதில் ஒன்றை மகள் கூடுதலாகக் கொடுத்தார். உடனிருந்த பராமரிப்பாளரும் தடுக்கவில்லை. அன்றிரவு சிறுநீர் கழிக்க எழுந்த ஆச்சி வாசற்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிறகு அவர் தனியாகக் கிணற்றடிக்குப் போகவே இல்லை.

நிற்கவைத்து ஒருமுறை அளந்திருந்தால் அந்தக் குளிசை வாய்க்குப் போயிராது.

நாம் எழும்போது அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் கூட்டி அதை ஈடுசெய்ய வேண்டும். முதுமையிலும், நீரிழிவோ பார்க்கின்சன் நோயோ நரம்புகளைக் கெடுத்த உடலிலும் அந்த ஈடு பிந்துகிறது, அல்லது நிகழ்வதே இல்லை. மூளைக்கு இரத்தம் குறைகிறது. பிடரியும் தோளும் கனப்பதும் இதனால் வரலாம். படுத்திருக்கையில் பிரஷர் கூடியும், நிற்கையில் குறைந்தும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

5 நிமிடம் படுக்கவைத்து அளவுங்கள். எழுப்பி நிற்கவைத்து 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை அளவுங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழும்போது பிரஷர் இறங்குவதுதான் பிரச்சினை. முடிந்தால் காலையிலேயே பாருங்கள், அப்போதுதான் வீழ்ச்சி பெரும்பாலும் அதிகம். மூன்று அளவுகளையும் கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள். நெரிசலான கிளினிக்கில் நோயாளியைப் படுக்கவைத்து எழுப்பி அளக்க வைத்தியருக்கு நேரம் கிடைப்பது அரிது.

குளிசையைத் தாமாக நிறுத்துவது

இது மறுகரைத் தவறு. திடீரென நிறுத்தினால் பக்கவாதம் வரை போகலாம். பிரஷருக்குத் தரும் பிரசோசின், புரோஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், சிறுநீரைப் போக்கும் ஃபுரோசமைட், சில மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் இந்த வீழ்ச்சியைக் கூட்டக்கூடியவை. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றுவது அவர் வேலை.

தண்ணீரைக் குறைப்பது

இரவில் எழ வேண்டிவரும் என்று முதியவர்களே குடிக்காமல் விடுகிறார்கள். சித்திரை வெயிலில் இது ஆபத்து. சீனி பார்க்க வெறுவயிற்றுடன் முதல் பஸ் ஏறுகிறவருக்கும் வெறும் தண்ணீர் தடையில்லை. விடிய, கட்டிலைவிட்டு இறங்குமுன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தால் சில நிமிடங்களில் பிரஷர் சற்று ஏறும். இதய, சிறுநீரக நோயாளருக்கு மட்டும் வைத்தியர் சொன்ன அளவு. சிறுநீரக நோய் பலருக்கு உள்ள வவுனியா மாவட்டத்தில் வேலை செய்பவர்கள், அந்த நோய் உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

உப்பைக் கூட்டுவது

வைத்தியர் சொன்னால் மட்டும்.

பாயிலிருந்து ஒரே வீச்சில் எழுப்புவது

முதலில் இருத்துங்கள். பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பிறகு எழுப்புங்கள்.

சோறு உண்டதும் நடக்கவிடுவது

வேண்டாம். உண்டபின் இரண்டு மணித்தியாலம் வரை பிரஷர் இறங்கலாம்.

மயங்குகிறவரை இழுத்து நிமிர்த்துவது

அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் மூளைக்கு இரத்தம் போக அவர் படுக்க வேண்டும். நிலத்தில் கிடத்திக் கால்களை உயர்த்துங்கள்.

எல்லாத் தலைச்சுற்றையும் இதற்குள் அடக்குவது

அஸ்பிரின் எடுப்பவருக்கு மலம் கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசியலாம். நெஞ்சு நோவு, வாய் கோணல், பேச்சுக் குழறல், விழுந்தபின் நினைவு தெளியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.