கிராமர் ஸ்கூல் அட்மிஷன்ல குடும்ப வருமானத்தை எப்படி செக் பண்றாங்க: இங்கிலாந்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு

இங்க வந்து வீடு, வேலை எல்லாம் கொஞ்சம் செட்டில் ஆனதும் நம்ம ஆளுங்க கூடுற இடத்துல அடுத்த பேச்சு லெவன் பிளஸ்தான், அதாவது மார்க் பாத்து பிள்ளைங்களைச் சேக்கற கிராமர் ஸ்கூலுக்கான நுழைவுத் தேர்வு. இங்கிலாந்து முழுக்க 163 கிராமர் ஸ்கூல்தான் இருக்கு, எல்லாமே கவர்மென்ட் ஸ்கூல், ஃபீஸ் இல்ல, டெஸ்ட் எழுதவும் காசு இல்ல, அதனால சட்டன், கிங்ஸ்டன், ஸ்லவ் பக்கம் வீடு பாக்கறப்பவே பிள்ளைக்கு எந்த ஸ்கூல்னு கணக்கு போட ஆரம்பிச்சுடறாங்க. எந்த டியூஷன் நல்லதுன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. ஆனா குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு இதுல நிறைய ஸ்கூல்ல முன்னுரிமை இருக்கு, சில இடத்துல கட்-ஆஃப் மார்க்கே அவங்களுக்குக் கம்மி, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. அது தெரியாமலே தகுதி உள்ள பிள்ளைங்க பொதுக் கோட்டால போட்டி போடுது, அதைப் பாக்க எனக்கு மனசு ஆறல, அதனாலதான் எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஊர்ல இ-சேவை மையத்துல அப்ளை பண்ணி தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வருமானச் சான்றிதழ் வாங்குவோமே, அந்த மாதிரி எதுவும் இங்க கிடையாது. கிராமர் ஸ்கூல் உங்க பேஸ்லிப்பையோ பேங்க் ஸ்டேட்மென்ட்டையோ கேக்காது, கேக்கவும் கூடாது, அப்பா அம்மாவோட பண நிலைமையை ஃபார்ம்ல விசாரிக்கக் கூடாதுன்னு அட்மிஷன்ஸ் கோட்ல, அதாவது ஸ்கூல் சேர்க்கைக்கான அரசாங்க விதிமுறைல, தெளிவா இருக்கு. அதுக்கு இருக்கற விதிவிலக்கு பியூபில் பிரீமியம், அதாவது குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்காக அரசாங்கம் ஸ்கூலுக்குக் குடுக்கற கூடுதல் காசு. 2014 கோட்ல இருந்து அந்தப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் முன்னுரிமை குடுக்கலாம். அப்போ ஸ்கூல் பாக்கறது உங்க சம்பளத்தை இல்ல, பிள்ளை பேர்ல பியூபில் பிரீமியம் பதிவாகி இருக்கான்னு மட்டும்தான்.

அந்தப் பதிவு எங்கிருந்து வருதுன்னா ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ்ல இருந்து. நீங்க கவுன்சில்லயோ ஸ்கூல்லயோ அப்ளை பண்ணணும், பேர், பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் குடுத்தா போதும், அவங்க கல்வித்துறையோட செக்கிங் சிஸ்டத்துல போட்டா உங்க பெனிஃபிட் விவரத்தை அதுவே பாத்து தகுதி இருக்கா இல்லையான்னு சொல்லிடும். யூனிவர்சல் கிரெடிட் (குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசாங்கம் குடுக்கற உதவித்தொகை) வாங்கறவங்களுக்கு வீட்டுல எல்லார் சம்பளமும் சேத்து, வரி போக, வருஷத்துக்கு 7,400 பவுண்டுக்கு மேல போகக் கூடாது, பெனிஃபிட் காசு இந்தக் கணக்குல வராது. 2026 செப்டம்பர்ல இருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கற எல்லா வீட்டுக்கும் இலவசச் சாப்பாடுன்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு, ஆனா சாப்பாடு கிடைக்குதுங்கறதால பியூபில் பிரீமியமும் தானா வந்துடும்னு நினைக்காதீங்க, அதுக்குப் பழைய வரம்புதான்.

இங்கதான் லண்டன்ல இருக்கறவங்க ரொம்ப ஏமாந்து போறாங்க. ரிசப்ஷன்ல (ஸ்கூலோட மொத வருஷம்) இருந்து ரெண்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலாந்து முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம், லண்டன்ல 2023 செப்டம்பர்ல இருந்து மேயர் திட்டத்துல ஆறாம் வகுப்பு வரைக்கும் இலவசம், அதான் பிள்ளை சாப்பிடுதே அப்புறம் எதுக்கு ஃபார்ம்னு விட்டுடறாங்க. அந்தச் சாப்பாடு வேற, இந்தப் பதிவு வேற. நீங்க தனியா அப்ளை பண்ணி தகுதி உறுதியானாதான் பிரீமியம். ஒரு தடவை பதிவாயிட்டா அடுத்த ஆறு வருஷம் கணக்குல இருக்கும், நடுவுல உங்களுக்கு நல்ல வேலை கிடைச்சாலும் போகாது. அதனால வந்த புதுசுல சம்பளம் கம்மியா இருக்கற அந்தக் காலத்துலயே அப்ளை பண்ணிடுங்க, ப்ளீஸ். கூச்சப்பட ஒண்ணுமே இல்ல, 2025-26ல பிரைமரி ஸ்கூலுக்கு அப்படி ஒரு பிள்ளைக்கு 1,515 பவுண்டு வருது, அந்த ஸ்கூலே உங்களை அப்ளை பண்ணச் சொல்லிக் கேக்கும்.

விசால ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’னு (அரசாங்க உதவித்தொகை வாங்கக் கூடாதுன்னு) போட்டிருக்கறவங்க, அதாவது வேலை விசா, ஸ்டூடண்ட் விசால குடும்பத்தோட வந்தவங்க, நமக்கு இதெல்லாம் கிடையாதுன்னு முடிவு பண்ணிடறாங்க, கேர் ஹோம்ல வேலை பாக்கற நிறைய பேர் இதுல இருக்காங்க. ஆனா உங்களுக்கும் உண்டு! ஸ்கூல் சாப்பாடு பப்ளிக் ஃபண்ட்ஸ்ல சேராது, அப்ளை பண்ணா விசாவுக்குப் பிரச்சனை இல்ல. வரம்பும் உங்களுக்கு வேற, கல்வித்துறை வழிகாட்டுதல்படி லண்டன்ல ஒரு பிள்ளை இருந்தா வருஷத்துக்கு 31,200 பவுண்டு, ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா 34,800, லண்டனுக்கு வெளிய 22,700, 26,300. சேமிப்பு 16,000க்கு மேல இருக்கக் கூடாது. யூனிவர்சல் கிரெடிட் இல்லாததால கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லாது, பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், விசா விவரம் எல்லாம் கையால குடுக்கணும், கொஞ்சம் நாள் எடுக்கும். அப்ளை பண்றப்ப வரம்பை ஒரு தடவை கவுன்சில்ல கேட்டுக்கோங்க, மாறும்.

இன்னொரு விஷயம், இதை நேராவே சொல்லிடறேன். சம்பளத்துல பாதியை கேஷா வாங்கிக்கோ, புருஷன் தனியா இருக்கறதா எழுதிக்கோன்னு ஐடியா குடுக்கறவங்க நம்மகிட்டயே இருக்காங்க. தயவு செஞ்சு கேக்காதீங்க. இங்க முதலாளி ஒவ்வொரு தடவை சம்பளம் போடும்போதும் வரி ஆபீஸுக்கு விவரம் போயிடுது, யூனிவர்சல் கிரெடிட்காரங்க அதை வெச்சுதான் கணக்குப் பாக்கறாங்க. ஊர்ல உங்க பேர்ல இருக்கற வீடு, காணி, நிலம்கூட யூனிவர்சல் கிரெடிட்ல சொத்துக் கணக்குல வரும், சொல்லியே ஆகணும். பொய்த் தகவல் குடுத்து வாங்கின சீட்டை ஸ்கூல் திருப்பி எடுத்துக்கலாம், பிள்ளை போக ஆரம்பிச்ச அப்புறம்கூட. ராத்திரி பகலா படிச்சு உள்ள போன பிள்ளைக்கு அந்த நிலைமையை வர விடாதீங்க, தகுதி உள்ள இன்னொரு வீட்டுப் பிள்ளையோட இடமும் அதுல போகுது.

ஸ்கூலுக்கு ஸ்கூல் விதி வேற. பர்மிங்காம்ல கிங் எட்வர்ட் ஸ்கூல்கள்ல பியூபில் பிரீமியம் பிள்ளைங்களுக்குன்னு இடம் ஒதுக்கி இருக்காங்க, வேற சில ஸ்கூல்ல மார்க் சமமா வந்தா மட்டும்தான் முன்னுரிமை, சில இடத்துல குறிப்பிட்ட ஏரியாக்குள்ள இருக்கணும், சில இடத்துல ஆறு வருஷக் கணக்கு செல்லாது, இப்போதைக்கு ஃப்ரீ மீல்ஸ் தகுதி இருக்கணும். ஸ்கூல் வெப்சைட்ல அந்த வருஷத்து அட்மிஷன் பாலிசியை எடுத்து அந்த ஒரு பத்தியை மட்டும் நல்லா படிங்க. டெஸ்ட்டுக்குப் பேர் குடுக்கறது அஞ்சாம் வகுப்பு கோடையிலயே முடிஞ்சுடும், டெஸ்ட் பெரும்பாலும் செப்டம்பர்ல, செகண்டரி ஸ்கூல் சீட்டுக்கு அப்ளை பண்ற கவுன்சில் ஃபார்முக்கு அக்டோபர் 31 கடைசி. இதுக்கு நடுவுல சப்ளிமெண்டரி ஃபார்ம்னு ஸ்கூல் தனியா ஒண்ணு கேக்கும், அதுல பியூபில் பிரீமியம்னு டிக் பண்ணி, பிரைமரி ஸ்கூல் ஹெட் டீச்சர்கிட்ட கையெழுத்தோ லெட்டரோ வாங்கி வெக்கணும். ஜூலை கடைசில ஸ்கூல் மூடிட்டா ஆபீஸ்ல ஆள் இருக்காது, அதனால லீவுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க, குடுத்ததுக்கு ஈமெயில்ல ஒரு பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

அந்த ஈமெயில் எதுக்குன்னா, மார்ச் 1ஆம் தேதி எந்த ஸ்கூல்ல சீட்னு ரிசல்ட் வர்றப்ப பிள்ளையைப் பியூபில் பிரீமியம் வரிசைல சேக்காம விட்டிருந்தா அப்பீல் போகலாம். பேனல் ஸ்கூலைச் சேராத தனி ஆளுங்க, ஸ்கூல் தன்னோட விதியைத் தப்பா பயன்படுத்தினதால சீட் போச்சுன்னு காட்டினா பிள்ளையைச் சேத்துக்கச் சொல்லுவாங்க. ஃபார்மே குடுக்காம விட்டிருந்தீங்கன்னா அங்க போய் சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இருக்காது.