சிறுநீர்த் தொற்றும் வைட்டமின் டி சொட்டும்: எதை முதலில், எவ்வளவு

பிள்ளைக்கு ஆறு மாதத்தில் இரண்டாவது தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன். கூடவே ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று குறைவாக வந்திருக்கிறது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டி-யை ஏற்றிவிட்டால் தொற்று நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பி, தொற்றுக்குப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதும், டி-யை அளவு மீறிக் கொடுப்பதும்தான் சிக்கல்.

முதலில் அந்தக் கொஞ்சம். சிறுநீர்ப்பையின் உள்தோல், கிருமி ஒட்டாமல் இருக்க கேத்தலிசிடின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதைச் சுரக்கத் தூண்டுவதில் வைட்டமின் டி-க்குப் பங்கு உண்டு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் இதைச் சிறுநீர்ப்பைத் திசுவிலேயே காட்டினார்கள். ஆனால் அந்தத் திசு மாதவிடாய் நின்ற பெண்களுடையது, குழந்தைகளுடையது அல்ல. தொற்று வந்த குழந்தைகளிடம் டி அளவு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இருந்தாலும் குறைவால் தொற்று வந்ததா, காய்ச்சலும் அழற்சியும் அளவைக் கீழே இழுத்ததா என்று அவற்றை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே குறைவு இருந்தால் நிரப்புங்கள், எலும்புக்காகவே அது தேவை. தொற்றுக்கான மருந்தாக நினைக்காதீர்கள்.

சிறுநீரை எடுப்பதில்தான் பாதி வேலை

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டும். பேசத் தெரியாத பிள்ளை 'எரியுது' என்று சொல்லாது. பால் குடிக்காமல் சிணுங்கும், வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். நம் வீடுகளில் இதை உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, தொப்புளில் எண்ணெய் வைத்து, இளநீர் கொடுத்து இரண்டு நாளை ஓட்டிவிடுவார்கள். வெயில் காலத்து வெறும் நீர்க்கடுப்பு தண்ணீர் குடித்தால் அடங்கலாம். காய்ச்சலோடு வரும் நீர்க்கடுப்பு சூடு அல்ல. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுப்பதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது தெரியாது.

கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள். தோலிலும் மலத்திலும் உள்ள கிருமியெல்லாம் அதில் சேரும். பை சாம்பிள் சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் நம்பலாம், தொற்று இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. டயபரைப் பிழிந்து எடுப்பதும் வேண்டாம்.

வீட்டிலோ கிளினிக்கிலோ நேரடியாகப் பிடிக்க ஒரு வழி: பால் கொடுத்து இருபது நிமிடம் கழித்துப் பிறப்புறுப்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். டெட்டால் வேண்டாம், அது பாட்டிலில் சொட்டினால் கிருமியைக் கொன்று முடிவைக் கெடுக்கும். மருத்துவமனையில் தரும் மூடி போட்ட ஸ்டெரைல் பாட்டிலைத் திறந்து ஒருவர் தயாராக இருக்கட்டும். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. இன்னொருவர், ஃபிரிட்ஜில் வைத்த சலைனில் நனைத்த காஸ் துணியால் தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். 2017-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் இப்படித் தேய்த்தபோது ஐந்து நிமிடத்துக்குள் 100-க்கு 31 குழந்தைகள் சிறுநீர் கழித்தன. சும்மா காத்திருந்தபோது 12 தான். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அப்படியும் வரவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் டாக்டர் சின்னக் குழாய் போட்டு எடுப்பார். பயப்பட வேண்டாம், அந்தச் சாம்பிள்தான் நம்பகமானது.

பாட்டில் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த சிறுநீரில், இருந்த கொஞ்சக் கிருமியும் பல மடங்கு பெருகியிருக்கும்.

ரிப்போர்ட்டில் ஒரே கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, மில்லிக்கு ஒரு லட்சம் என்றிருந்தால் பொதுவாகத் தொற்று. குழாய் போட்டு எடுத்ததில் அதைவிடக் குறைவான எண்ணிக்கையும் கணக்கில் சேரும். 'மிக்ஸ்ட் குரோத்', அதாவது பல கிருமிகள் கலந்து வளர்ந்தது என்றால் சாம்பிள் கெட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை), கிருமி உண்டாக்கும் நைட்ரைட் இல்லை என்பதை மட்டும் வைத்துக் கைக்குழந்தைக்குத் தொற்று இல்லை என்று விடக் கூடாது. நைட்ரைட் உருவாகச் சிறுநீர் சில மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும், பிள்ளையோ அரை மணிக்கொரு தரம் கழித்துக்கொண்டிருக்கும்.

டி அளவு பார்ப்பதும் கொடுப்பதும்

கேட்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பெயரில் 1,25 என்று வருவது வேறு, சேமிப்பு எவ்வளவு என்று அது காட்டாது. காய்ச்சல் உச்சத்தில் எடுத்தால் எண் உள்ளதைவிடக் குறைவாக வரலாம், மருந்து முடிந்து பிள்ளை தேறிய பிறகு எடுப்பது நல்லது. குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸின் 2021 வழிகாட்டுதலில் மில்லிக்கு 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20-க்கு மேல் போதுமானது. சில லேப்கள் 30-க்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பில் அடித்துத் தரும். 24 இருக்கிற பிள்ளைக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.

தாய்ப்பாலில் டி மிகக் குறைவு. அதனால் பிறந்த சில நாளிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). அதற்கு மேல் உணவும் வெயிலுமாகச் சேர்த்து 600. குறைபாடு உறுதியானால் ஒரு வயதுக்குள் தினம் 2000, மேலே 3000 என்று ஏறத்தாழ மூன்று மாதம் டாக்டர் எழுதுவார்.

இனி, நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். கடையில் டி3 சொட்டு மில்லிக்கு 400 ஐயூ என்றும் கிடைக்கிறது, 800 என்றும் கிடைக்கிறது. 400 வேண்டுமானால் முதலாவதில் 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. சீட்டில் ஐயூ கணக்கு இல்லாமல் '1 மில்லி' என்று மட்டும் இருந்தால் எந்த பாட்டிலுக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

ஆபத்தானது 60,000 ஐயூ உள்ள 5 மில்லிக் குப்பி. அதில் மில்லிக்கு 12,000. சொட்டு மருந்து என்று நினைத்துத் தினம் 1 மில்லி கொடுத்தால் கைக்குழந்தைக்குத் தேவையானதைப் போல 30 மடங்கு போகிறது. முழுக் குப்பி என்பது 150 நாள் அளவு. பெரிய பிள்ளைக்கு 'வாரம் ஒன்று' என்று எழுதியிருந்தால் கொடுக்கும் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கால்சியம் சிரப்பிலும் டி கலந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். டி3-க்குப் பதிலாகக் கடையில் கால்சிட்ரியால் கொடுத்தால் வாங்காதீர்கள், அது உடனே வேலை செய்யும் வடிவம், கால்சியத்தை விறுவிறுவென ஏற்றிவிடும்.

அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரில் கொட்டும். பசியின்மை, வாந்தி, ஓயாத தாகம், மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகக் கல். கல்லும் மலச்சிக்கலும் இரண்டுமே தொற்றை அழைத்து வருபவை. எதைத் தடுக்கக் கொடுத்தோமோ அதையே கூட்டி வந்த கதையாகிவிடும். ஏற்கெனவே கல் உள்ள பிள்ளை என்றால் சிறுநீர்க் கால்சியம் பார்க்காமல் பெரிய டோஸ் கூடாது.

பால் குடித்ததும் அல்லது சாப்பிட்டதும் கொடுங்கள், கொழுப்போடுதான் டி நன்றாகச் சேரும். பால் பாட்டிலுக்குள் கலக்காதீர்கள், மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சம். வெயிலைப் பொறுத்தவரை, ஏழு மணி இளவெயில் இதமானது, ஆனால் டி உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை விடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் போட வேண்டாம், சொட்டு போதும்.

திரும்ப வருவதற்கு வேறு காரணம்

டி-யைவிடப் பெரிய குற்றவாளி மலச்சிக்கல். மலக்குடலில் கட்டியாகத் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், பை முழுசாகக் காலியாகாது, மிஞ்சிய நீரில் கிருமி வளரும். அடுத்தது அடக்கி வைப்பது. விளையாட்டு நடுவில் பெண் குழந்தை திடீரென உட்கார்ந்து குதிகாலை அடியில் அழுத்திக்கொண்டால் விளையாட்டு அல்ல, சிறுநீரை அடக்குகிறாள். பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து போகாத பிள்ளைகள் நிறைய. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால் விஷயம் அதுதான். இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் போக வையுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறையானால் காலுக்குக் கீழே பலகை போடுங்கள், கால் தொங்கினால் பை சரியாகக் காலியாகாது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளாதீர்கள், கிழிந்து தழும்பாகும்.

மருந்து தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, வாந்தியில் மருந்து தங்கவில்லை, சிறுநீர் போவது குறைந்துவிட்டது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 48 மணி நேரமெல்லாம் பார்க்கக் கூடாது, அன்றே போக வேண்டும். காய்ச்சலோடு வந்த முதல் தொற்றுக்குப் பிறகு சிறுநீரக ஸ்கேன் எழுதினால் தள்ளிப்போடாதீர்கள், சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கே ஏறும் குறை சில பிள்ளைகளுக்கு இருக்கும். அதை எந்தச் சொட்டு மருந்தும் சரிசெய்யாது. டி அளவை மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், 20-ஐத் தாண்டியிருந்தால் தினசரி அளவுக்கு இறங்கிவிடலாம்.