தன்னைத் தானே எண்ணும் வாக்கியம்: விடை கிடைத்த வழி

"இந்த வாக்கியத்தில் 0 __ முறை, 1 __ முறை" என்று 9 வரை போகும் புதிர். கோடிட்ட இடங்களை இலக்கங்களால் நிரப்பினால் வாக்கியம் உண்மையாக வேண்டும். நான்கு நாள் போனது.

முதலில் ஊகித்து ஊகித்து அழித்தேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைந்தது. வாக்கியத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் 0 முதல் 9 வரையும் கணக்கில் சேரும் என்பதையே இரண்டாம் நாள்தான் கவனித்தேன். ஆகவே எந்த இடத்திலும் 0 வராது.

அப்புறம் ஊகத்தை விட்டேன். எல்லா இடத்திலும் 1 போட்டு, எண்ணி, வந்த எண்ணிக்கையையே மறுபடி நிரப்பினேன். 1-க்கான இடத்தில் 11, பிறகு 12, மீண்டும் 11 வந்தது, 2-க்கு 2. அத்தோடு நின்றுவிட்டது: 1, 11, 2, மற்ற ஏழும் 1. இங்கே 11 என்பதில் இரண்டு ஒன்றுகள் இருப்பதை மறந்தால் கணக்கு தப்பும்.

எல்லாம் ஒற்றை இலக்கமாக இன்னொரு விடை உண்டா என்று 1,8,2,1,1,1,1,1,2,1 எனத் தொடங்கினேன். அது நிற்கவே இல்லை. 1,7,4,1,1,1,1,1,2,1 என்பதும் 1,8,2,1,2,1,1,2,1,1 என்பதும் மாறி மாறி வந்தன. ஒரு நாள் முழுக்க என் எண்ணிக்கையில்தான் பிழை என்று தேடினேன். பிழையே இல்லை, அது உண்மையான சுழல்.

2-க்கான இடம் 4, 2 என ஆடுவதைப் பார்த்து, இரண்டாவது வரிசையில் அங்கே நடுவிலுள்ள 3-ஐப் போட்டேன். இரண்டே எண்ணலில் 1,7,3,2,1,1,1,2,1,1 வந்து அசையாமல் நின்றது. கூட்டினால் 20, வாக்கியத்தில் உள்ள இலக்கங்களும் 20. அப்பாடா!